குளச்சல் போரை ஆர்பிஜி கேமில் அமைப்பது எப்படி

குளச்சல் கடற்கரையில் நிற்கும் போர் நினைவுத்தூணைக் குமரி மாவட்டத்தில் தெரியாதவர் குறைவு. திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்றதாக அந்தத் தூண் சொல்லும் கதையை ஒரு ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) கேமின் நடுச் சண்டையாக அமைக்க விரும்புகிறவர்களுக்கான செய்முறை இது. கருவி, கேம் உருவாக்கும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கர் எம்இசட். பிளகின் (கூடுதல் நிரல்) எதுவும் வேண்டாம். கருவியோடு வரும் வசதிகளே போதும்.

கதை நடுவே வரும் பெரிய சண்டை என்றதும் பலரும் எதிரியின் உயிர்ப்புள்ளியைக் கூட்டி, இசையை மாற்றி, வெட்டுக்காட்சி ஒன்றைச் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். விளையாடுபவருக்கு அது நீளமான சண்டையாகத்தான் படும். சண்டைக்கு முன்னால் செய்ய முடியாத ஒன்று சண்டைக்குப் பின்னால் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் கதை திரும்பியதாகத் தோன்றும். குளச்சல் இதற்குக் கிடைத்த அருமையான கரு. 1741இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே வந்து சரணடைந்த டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார். ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) என்று பெயர் வாங்கி, சுமார் 36 ஆண்டு இங்கேயே வாழ்ந்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். சண்டையின் ஒவ்வொரு எண்ணும் அந்தத் திருப்பத்தை நோக்கிப் போக வேண்டும்.

முதலில் வரலாறு

கருவியைத் திறக்கும் முன் எது உறுதி, எது சொல்வழக்கு என்று இரண்டு பட்டியல் போடுங்கள்.

உறுதியானவை: மார்த்தாண்ட வர்மா 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டார். ராமய்யன் அவருடைய தளவாய் (அமைச்சரும் படைத்தலைவரும்). சண்டைக்குக் காரணம் மிளகு வணிகம். போர் நாளாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1741 ஆகஸ்ட் 10. கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 916ஆம் ஆண்டின் ஆடி மாதக் கடைசி. அதாவது தென்மேற்குப் பருவக்காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்கள். டச்சுக்காரரின் காப்பரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் குண்டு விழுந்து தீப்பிடித்து, அரிசி இருப்பு எரிந்துபோனதால் டச்சுக்காரர் சரணடைந்தார்கள் என்பது போர் பற்றிய விவரிப்புகளில் வருவது. சிறைப்பட்டவர்களை உதயகிரிக்குக் கொண்டுபோனார்கள்.

சொல்வழக்கு: பனந்தடிகளை மாட்டு வண்டியில் சாய்த்து வைத்துப் பீரங்கி போலக் காட்டியது, கரைக்காரர்கள் துடுப்பைத் தோளில் வைத்து வரிசையாக நின்று படை பெரிதென்று மலைக்க வைத்தது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் வாளை வைத்து அரசர் வழிபட்டார் என்பது மரபு. இவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கேமுக்குள் யாராவது ஒருவர் வாய்க்கதையாகச் சொல்லட்டும். தலைப்பு அட்டையில் வரலாறாக எழுத வேண்டாம்.

‘ஆசியாவில் ஐரோப்பியரைத் தோற்கடித்த முதல் போர்’ என்று முன்னுரையில் போடாதீர்கள். தைவானில் இருந்த சீலாண்டியா கோட்டையை இதே டச்சுக் கம்பெனி 1662இலேயே இழந்துவிட்டது. நம் ஊர்ப் போரின் பெருமைக்கு அந்த வரி தேவையும் இல்லை.

காலத்துக்கு ஒவ்வாத பொருள்களும் எளிதில் உள்ளே வந்துவிடும். மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் மீன்கறியும் இல்லாமல் குமரிச் சாப்பாடு உண்டா என்று கை தானாகப் போகும். ஆனால் திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880இல் பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாள். 1741இன் கடைத்தெருவில் அரிசி, கருப்பட்டி, அக்கானி (பதநீர்), சாளை மீன், தேங்காய், ஏத்தன்பழம் (நேந்திரம்) இருக்கட்டும். மலையோரத்தில் ரப்பர் மரமும் வரக்கூடாது. பணத்துக்குத் திருவிதாங்கூர்க் கணக்கே போதும்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம். கருவி ஒரே நாணயத்தைத்தான் ஏற்கும் என்பதால் எல்லா விலையையும் சக்கரத்தில் வைத்துவிடுங்கள்.

வரைபடம்

கருவியின் இயல்பான திரை 816க்கு 624 புள்ளி (பிக்சல்). ஒரு கட்டம் 48 புள்ளி. ஆக ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது 17க்கு 13 கட்டம். கடற்கரைக்கு 40க்கு 30 போதும். அதற்கு மேல் போனால் நடப்பதே வேலையாகிவிடும். கடல் தென்மேற்கில் இருக்க வேண்டும்; சூரியன் கடலில்தான் இறங்கும். பத்மநாபபுரம் வடகிழக்கே, நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர். அந்தப் பக்க வழியை இரணியல் நோக்கி விடுங்கள்.

கருவியோடு வரும் மணல் முழுக்க ஒரே மஞ்சள். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் கனிம மணல் கருப்பாகப் படிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது உறுத்தும். அலை தொடும் வரிசைக்கு மேலே இரண்டு கட்ட அகலத்தில் கருமணல் கட்டம் ஒன்றை வரைந்து, இடையிடையே விட்டுவிட்டு வையுங்கள். ஊர்க்காரர் திரையைப் பார்த்ததும் இடத்தைச் சொல்லிவிடுவார்.

உதயகிரிக்கு இரண்டு வரைபடம் வேண்டும்: போருக்கு முன்னால் உள்ள பழைய கோட்டை, 1741-44இல் டிலனாய் மேற்பார்வையில் மீண்டும் கட்டிய கருங்கல் கோட்டை. இன்று நாம் பார்க்கும் மதிலைப் போருக்கு முந்தைய காட்சியில் வைத்தால் கதையின் பலனை முன்கூட்டியே காட்டியதாகிவிடும்.

ஆட்களும் எண்களும்

மன்னரையும் தளவாயையும் விளையாடும் பாத்திரங்களாக்க வேண்டாம். அவர்கள் கட்டளையாக மட்டும் வரட்டும். குழுவில் நால்வர் போதும்: குளச்சல் கரையில் வள்ளம் விடும் பெண், பீரங்கிக்காரர், வர்ம ஆசான், ஒற்றறியும் கணக்கர். வள்ளக்காரிக்குச் சவரியம்மாள் என்று பெயர் வைக்கலாம். 1544இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்துபோன பிறகு அப்படியொரு பெயர் இயல்பு.

ஆசானை எதிரியைத் தொட்டதும் வீழ்த்தும் மந்திரவாதியாக்கிவிடாதீர்கள். வர்மம் என்பது அடிபட்டால் ஆபத்தான உடலின் நிலைகள்; படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கே உண்டு. ஆனால் ஆசான் பெயர் எடுப்பது, அடிபட்டவரைத் தெளிவிக்கும் இளக்குமுறையில்தான். விழுந்தவரை எழுப்பும் திறனுக்கு ‘இளக்குமுறை’ என்றே பெயர் வையுங்கள். எழும்போது உயிர் 40 விழுக்காடு.

கருவியின் இயல்பான தாக்குதல் கணக்கு: தாக்குபவரின் வலிமையை 4ஆல் பெருக்கி, தாக்கப்படுபவரின் காப்பை 2ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். விளைவு 20 விழுக்காடு கூடவோ குறையவோ செய்யும். டச்சுத் துப்பாக்கி வரிசைக்கு வலிமை 42 என்று வையுங்கள். சவரியம்மாளின் காப்பு 24. 168இல் 48 போக 120. ஏற்ற இறக்கத்தோடு 96 முதல் 144 வரை. மூன்று வரிசையும் அடுத்தடுத்து ஒரே ஆளைச் சுட்டால் மிக மோசமான கணக்கு 432. அவர் உயிர் 480 என்றால் தப்பிவிடுவார்.

இதையே நால்வருக்கும் போட்டுப் பாருங்கள். ஆசானின் காப்பு 22 என்றால் ஒரு சூட்டுக்கு 124, அதிகபட்சம் 149, மூன்றுக்கும் 447. அவருக்கு 430 உயிர் வைத்திருந்தால் மூன்று வரிசையும் ஒருமுறை சுட்டு முடிப்பதற்குள் விழுவார். 460 வையுங்கள். பீரங்கிக்காரர் காப்பு 26, உயிர் 520. கணக்கர் காப்பு 30, உயிர் 400. அவருக்கு அதிகபட்சம் 390தான் விழும். ‘மூன்று வரிசையும் ஒருமுறை சுடுவதற்குள் எவரும் விழக்கூடாது’ என்பது இந்தச் சண்டைக்கு எழுதாத சட்டம். துப்பாக்கித் திறனில் கிரிட்டிகலை அணைத்துவிடுங்கள். கருவியில் கிரிட்டிகல் விழுந்தால் சேதம் மூன்று மடங்கு. மேலே போட்ட கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

காப்பரணுக்கு உயிர் 9000, காப்பு 60. சவரியம்மாளின் வலிமை 32 என்றால் அடி ஒன்றுக்கு 8தான் போகும். பீரங்கி நிலையாக 300 கொடுக்கட்டும்; ஏற்ற இறக்கம் பூஜ்யம். ஒரு சுற்று மருந்து கெட்டிக்க (பீரங்கிக்குள் அடைக்க), மறு சுற்று சுட. அப்படியானால் காப்பரணை இடிக்க 60 சுற்று வேண்டும். எவரும் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள், உட்காரவும் கூடாது. இடித்து வெல்ல முடியாது என்பது மூன்றாம் நான்காம் சுற்றிலேயே உறைக்க வேண்டும். வெல்லும் வழி அரிசிக் கிடங்கு.

துப்பாக்கி வரிசைகளின் தாளம்

மூன்று வரிசைக்கும் தனித்தனி எதிரி. முதல் வரிசை 1, 4, 7ஆம் சுற்றுகளில் சுடும். இரண்டாவது 2, 5, 8இல். மூன்றாவது 3, 6, 9இல். மற்றச் சுற்றுகளில் கெட்டிக்கும். எதிரியின் செயல் பட்டியலில் சுடுவதற்குச் சுற்று நிபந்தனையும் மதிப்பு 9உம், கெட்டிப்பதற்கு நிபந்தனை இல்லாமல் மதிப்பு 5உம் கொடுங்கள். உச்ச மதிப்பைவிட மூன்றோ அதற்கு மேலோ குறைந்த செயலைக் கருவி எடுக்காது. அதனால் சுட வேண்டிய சுற்றில் கட்டாயம் சுடும். 9உம் 7உம் என்று வைத்தால் சில சமயம் சுடாமல் விட்டுவிடும், தாளம் போய்விடும்.

ஒவ்வொரு சூடும் இரண்டு பேரைக் குறிப்பின்றித் தாக்கட்டும். ஐந்தாறு சுற்றுக்குள் ‘இப்போது எந்த வரிசை, அடுத்து எது’ என்று விளையாடுபவர் மனசுக்குள் எண்ணத் தொடங்குவார். அந்த எண்ணிக்கைதான் பிற்பாடு நமக்குத் தேவை. ஆகவே சுடும் சத்தமும் அசைவுப்படமும் இந்தச் சூட்டுக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும். வேறு எதற்கும் அதே சத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

நான்காம் சுற்றில் மழை. ‘நனைவு’ என்றொரு நிலையை உருவாக்கி, அதில் குறி தவறாமை 35 குறையும்படி வையுங்கள். இயல்பான 95, 60 ஆகும். இந்த நிலை டச்சு வரிசைகளோடு நம் பீரங்கிக்காரருக்கும் வர வேண்டும். மழை இரு பக்க மருந்தையும் நனைக்கும். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. துப்பாக்கித் திறனின் தாக்கு வகையைத் ‘தப்பாத அடி’ என்று விட்டுவிட்டால் நனைவு வேலையே செய்யாது. ‘உடல் தாக்குதல்’ என்று மாற்றுங்கள். இரண்டாவது, வரைபடத்தில் பெய்யும் மழை சண்டைத் திரையில் தெரியாது. கருவி வானிலையை வரைபடத்தில் மட்டுமே காட்டும். மழைச் சாரல் வரைந்த ஒளிபுகும் படம் ஒன்றைச் சண்டையில் ‘ஷோ பிக்சர்’ வழியாக மேலே போட வேண்டும்.

அரிசி: ஒரே ஒரு மாறி

மன உறுதி, தோட்டா, நோய், குடிநீர் என்று ஆறேழு மாறி (கேம் நினைவில் வைக்கும் எண்) வைக்க ஆசை வரும். வேண்டாம். ‘அரிசி’ ஒன்று போதும். தொடக்கம் 60 பறை (பறை என்பது தானியம் அளக்கும் அளவு). சுற்றுக்கு 3 குறையும். சவரியம்மாளின் ‘வள்ளம் மறி’ திறன் கடல்வழி வரும் உதவியைத் தடுக்கும். அதைப் பயன்படுத்திய சுற்றில் கூடுதலாக 4 குறையும். இந்தக் கணக்கில் கிடங்கைத் தொடாமலே காத்திருந்து வெல்லவும் ஒரு வழி இருக்கிறது: வெறும் காவலில் 20 சுற்று, வள்ளத்தை விடாமல் மறித்தால் 9 சுற்று. அது மெதுவான, இழப்பு அதிகமான வழி. இருந்தாலும் அதை அடைத்துவிடாதீர்கள். துப்புக் கிடைக்காதவர் சிக்கிக்கொள்ளக் கூடாது.

சண்டைப் பக்கங்களின் (சண்டைக்குள் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்புகளின்) நிபந்தனையில் மாறியை நேரடியாகக் கேட்க முடியாது. சுற்று, எதிரி உயிர், நம்மவர் உயிர், சுவிட்ச் (ஆம்/இல்லை குறி), சுற்று முடிவு இவ்வளவுதான் அங்கே உண்டு. எனவே ‘சுற்று முடிவு’ நிபந்தனையோடு, ‘ஸ்பான்’ என்ற இடத்தில் ‘டர்ன்’ வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். அதற்குள்ளே அரிசியைக் குறைத்து, 45, 30, 15 தாண்டியதா என்று கிளை பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வைத்து, ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் தடுங்கள். ‘ஸ்பான்’ இடத்தில் ‘மொமென்ட்’ வைத்தால் நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். கேம் உறைந்துவிட்டது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அரிசி குறைவதை எண்ணாகத் திரையில் காட்டாமல் வில்லுப்பாட்டில் சொல்லுங்கள். தென்பாண்டிச் சீமைக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் கதை சொல்லும் வழி அது. திரையின் மேல்பக்கச் செய்திப் பெட்டியில் புலவர் ஓர் அடி, பின்பாட்டு ஓர் அடி:

‘கப்பலேறி வந்தவர்க்குக் கஞ்சிக்கும் அரிசியில்லை!’
‘ஆமா, அரிசியில்லை!’

ஒலிக்கு வில்மணி, குடம், உடுக்கை மூன்றும் போதும். 45இல் குடம் மட்டும், 30இல் உடுக்கை சேரும், 15இல் வில்மணியும் சேரும். எண்ணைப் பார்க்காமலே கோட்டைக்குள் நிலைமை மோசமாவது காதில் விழும்.

கிடங்கு

இதுதான் சண்டையின் நெஞ்சு. மருந்துப் பீப்பாயில் குண்டு விழுந்ததைப் பகடை உருட்டி முடிவு செய்ய வேண்டாம். கதை திரும்பும் நொடி விளையாடுபவரின் கையால் நடக்க வேண்டும்; அதற்கான அறிவை அவர் முன்பே தேடிச் சம்பாதித்திருக்க வேண்டும்.

சண்டைக்கு முந்தின வரைபடத்தில் மீன் விற்கும் பாட்டி ஒருவரை வையுங்கள். காப்பரணுக்குள் கூடையோடு போய்வரும் ஆள். சவரியம்மாள் அவரிடம் பேசினால்:

‘மக்களே, தெக்குப் பக்கம் ஓலக்கூரைக்குக் கீழதான் அரிசி மூட்டை அடுக்கியிருக்கான். பக்கத்திலேயே மருந்துப் பீப்பா. காலத்த மீன் கொண்டு போனப்போ கண்ணால கண்டேன்.’
‘சரி பாட்டி, யாருட்டயும் சொல்லாதீங்க.’

இந்தப் பேச்சு முடிந்ததும் ‘கிடங்கு தெரியும்’ சுவிட்ச் ஏறட்டும். கிடங்கு தெற்கே இருந்தது என்பது கேமுக்காக வைத்தது. வேறு மூலை உங்கள் வரைபடத்துக்குப் பொருந்தினால் பேச்சையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சண்டைக் குழுவில் கிடங்கை ஐந்தாவது எதிரியாகச் சேர்த்து, ‘இடையில் தோன்றுபவர்’ என்று குறியிடுங்கள். உயிர் 600. இரண்டாம் சுற்றுத் தொடக்கத்தில் சுவிட்ச் ஏறியிருந்தால் ‘எனிமி அப்பியர்’ கட்டளையால் அதை வெளிக்கொண்டு வாருங்கள். பாட்டியிடம் பேசாதவருக்குக் கணக்கரின் ‘ஒற்று’ திறன் மூன்று முறை பயன்பட்ட பிறகு தோன்றட்டும். இரண்டு குண்டு, அதாவது நான்கு சுற்று. மழை பிடித்த பிறகு குறி தவறும் வாய்ப்பும் உண்டு என்பதால் மழைக்கு முன் சுடுவதா, வரிசைகளை முதலில் சமாளிப்பதா என்று யோசிக்க வேண்டிவரும். அந்த யோசனைக்காகத்தான் மழையை நான்காம் சுற்றில் வைத்தோம்.

பனந்தடி வண்டி வேண்டுமென்றால் இங்கே சேருங்கள். கணக்கரின் திறனாக, சண்டையில் ஒருமுறை மட்டும். பயன்படுத்தினால் அடுத்த சூடு வண்டியை நோக்கிப் போகும், ஆட்களுக்குச் சேதமில்லை. மருந்து கெட்டிக்க ஒரு சுற்று கிடைக்கும்.

காப்பரணுக்குச் சண்டைத் தொடக்கத்திலேயும் கிடங்குக்கு அது தோன்றியதுமே ‘இம்மார்ட்டல்’ (உயிர் தீர்ந்தாலும் சாகாத) நிலையைச் சேர்த்துவிடுங்கள்; மறைந்திருக்கும் எதிரிக்குக் கருவி நிலை எதையும் சேர்க்காது. கருவியின் நிலைப் பட்டியலில் மூன்றாவதாக அது இருக்கும். சேர்க்காவிட்டால் உயிர் தீர்ந்ததும் கிடங்கு மற்ற எதிரிகளைப் போல மறைந்து, நீங்கள் எழுதிய காட்சி தாமதமாக வரும்.

கிடங்கின் உயிர் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் ஓட வேண்டிய பக்கம், ‘ஸ்பான்’ இடத்தில் ‘பேட்டில்’:

1. இசையை ஒரு நொடியில் மங்க விடுங்கள்.
2. திரை ஒளிர்வு 20 பிரேம், வலிமை 170. கருவியின் கணக்கில் 60 பிரேம் ஒரு நொடி. முழு வலிமை 255இல் ஒரு நொடி ஒளிரவிட்டால் சிலருக்குக் கண் கூசித் தலைவலி வரும்.
3. வெடிச்சத்தம், திரை நடுக்கம், பிறகு 90 பிரேம் முழு அமைதி. இங்கே பாட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.
4. அரிசி மாறியைப் பூஜ்யமாக்குங்கள். மூன்று வரிசைக்கும் ‘கலக்கம்’ நிலை. அடுத்த சுற்றில் எவரும் சுட மாட்டார்கள்.
5. விளையாடுபவருக்கு ஒரு முழுச் சுற்று கொடுங்கள். எதிரி நிற்கிறான், சுடவில்லை.

ஐந்தாவது படியை விட்டுவிடாதீர்கள். எண்ணிப் பழகிய தாளத்தில் சுட வேண்டிய வரிசை சுடாமல் நிற்கும்போதுதான் சண்டை முடிந்துவிட்டது என்று விளையாடுபவர் தானாக உணர்வார். அந்தச் சுற்று முடிந்ததும் வெள்ளைக்கொடி. பின்னர் தேர்வு: ‘சுடு’, ‘நிறுத்து’. இரண்டும் சரணாகதிக்குத்தான் போகும், வரலாறு மாறாது. ‘சுடு’ என்றவருக்குப் பிற்பாடு உதயகிரியில் பயிற்சிக் கட்டணம் 8 சக்கரத்துக்குப் பதில் 16. காரணத்தை எங்கேயும் விளக்க வேண்டாம்.

காத்திருந்து வென்றவருக்கும் இதே முடிவுதான். அரிசி பூஜ்யமானதும் ‘சரண்’ சுவிட்ச் ஏறி, கொடிக் காட்சிக்குப் போகட்டும். வெடி மட்டும் இருக்காது.

டிலனாய் வாளை நீட்டும் காட்சியில் அவருக்கு வசனம் எழுதாதீர்கள். உண்மையில் வாழ்ந்தவர், அந்த நேரத்தில் என்ன சொன்னார் என்று நாம் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. வாளும் தலைகுனிவும் போதும்.

சண்டையை முடிக்கும் கட்டளை

‘அபார்ட் பேட்டில்’ கொண்டு முடியுங்கள். கருவி இதை வெற்றியாகக் கணக்கிடாது, தப்பி ஓடியதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் அனுபவப் புள்ளியும் பணமும் தானாக வராது; கையால் கொடுக்க வேண்டும். சண்டையைத் தொடங்கும் கட்டளையில் ‘கேன் எஸ்கேப்’ குறியை எடுத்துவிட்டு ‘கேன் லூஸ்’ மட்டும் வையுங்கள். அப்போது ‘வென்றால்’, ‘தோற்றால்’ என்று இரண்டு கிளை வரும். நம் சரணாகதி இரண்டுக்குள்ளும் நுழையாமல் கீழே இறங்கும். ஆகவே கிளைகள் முடிந்த இடத்துக்குக் கீழே ‘சரண்’ சுவிட்ச் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, மிச்சக் கதையை அங்கே எழுதுங்கள். வெற்றிக் கிளைக்குள் எழுதிவிட்டு, சண்டை முடிந்தும் கதை நகரவில்லை என்று தேடுபவர்கள் அதிகம்.

தோல்விக் கிளையில் குழு திருவட்டாற்றுக் கோயில் வாசலில் கண்விழிக்கட்டும். எல்லாருக்கும் உயிரை நிரப்பி, அரிசியை மறுபடி 60 ஆக்கி, மழை, ஒற்று எண்ணிக்கை, மூன்று வில்லுப்பாட்டுச் சுவிட்ச் எல்லாவற்றையும் அணையுங்கள். ‘கிடங்கு தெரியும்’ மட்டும் அப்படியே இருக்கட்டும், தெரிந்துகொண்டது தெரிந்ததுதான். தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கியிருந்தால், தோற்று வரைபடத்துக்குத் திரும்பும்போதும் கருவி சேமிக்கும். மாறிகளை மீட்டமைக்க மறந்தால் 12 பறை அரிசியோடு இரண்டாம் முயற்சி தொடங்கி, இரண்டு நிமிடத்தில் சப்பென்று வென்றுவிடுவார்கள்.

தமிழ் எழுத்து உடையாமல் வர

கருவியோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர் மூன்றும் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. ஒன்றைத் திட்டத்தின் எழுத்துரு அடைவில் போட்டு, சிஸ்டம் 2 பக்கத்தின் மேம்பட்ட அமைப்பில் முதன்மை எழுத்துருக் கோப்பாக அதன் பெயரைக் கொடுங்கள்.

அதோடு வேலை முடியாது. செய்திப் பெட்டி ஒவ்வொரு குறியாகத் தனித்தனியே வரைந்துகொண்டு போகும். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ‘கொ’ என்பது மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தது என்பதால், உயிர்க்குறி தனியாக வந்து புள்ளிவட்டத்தோடு நிற்கும்; ஒற்றுப்புள்ளி எழுத்தை விட்டு விலகும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் \> என்று போட்டால் அந்த வரி முழுவதும் ஒரே வீச்சில் வரையப்படும். எழுத்து ஒழுங்காகச் சேரும். ஒவ்வொரு வரிக்கும் போட வேண்டும், செய்திக்கு ஒன்று என்றால் போதாது. எழுத்தெழுத்தாக வரும் அழகு போய்விடும்தான். வில்லுப்பாட்டு அடி எப்படியும் முழு அடியாக வருவதே பொருத்தம்.

வரியும் தானாக மடியாது. முகப்படம் இருந்தால் இன்னும் இடம் குறையும். ஒரு வரிக்கு நான்கைந்து சொல்லுக்குள் நிறுத்தி, ஓட்டிப் பார்த்து வெட்டுங்கள். ‘பத்மநாபபுரத்திலிருந்து’ போன்ற சொல் வரும் வரியை முதலில் சோதியுங்கள்.

போருக்குப் பின்

டிலனாயைக் குழுவில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துவிட வேண்டாம். அவர் உதயகிரியில் இருக்கட்டும். சிறைக்காட்சி ஒன்று, பிறகு கதையில் சில மாதம் கடக்கட்டும், அதன்பின் பயிற்சிக் களம். அங்கே விளையாடுபவர் முதலில் கற்கும் திறன், சண்டையில் தன்னைச் சுட்ட அதே முறைச்சூடு: மூன்று வரிசை, அதே தாளம், அதே சத்தம், அதே அசைவுப்படம். பெயரைக்கூட மாற்றாதீர்கள். சண்டையில் எண்ணிப் பழகியவர், இப்போது தன் ஆட்களை அதே எண்ணிக்கையில் நிறுத்துவார். வேறு எந்த வசனமும் இந்தத் திருப்பத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

திறனின் எண்கள்: மூன்று சுற்று தொடர்ந்து ஓடும், சுற்றுக்கு இரண்டு எதிரி, வலிமை 42க்குப் பதில் 38. பயிற்சியில் இருக்கும் படைதானே. பின்னால் வட்டக்கோட்டைக் கட்டத்தில் 42 ஆக்கலாம்; அந்தக் கோட்டையும் டிலனாய் மேற்பார்வையில் வலுப்பெற்றதுதான். கருங்கல் உதயகிரி வரைபடமும் பீரங்கி வார்க்கும் உலையும் இந்தக் கட்டத்தில் திறக்கட்டும்.

டிலனாயோடு பழகிய நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டு, 2022இல் புனிதர் தேவசகாயமாக அறிவிக்கப்பட்டவர். அவரைக் காட்டுவதென்றால் கடந்துபோகும் பாத்திரமாக மட்டும் காட்டுங்கள். மக்கள் வணங்கும் ஒருவரின் வாழ்வை விளையாடுபவரின் தேர்வுக்கு விடுவது முறையாகாது.

சோதனை

சண்டைக் குழுப் பக்கத்தில் உள்ள ‘பேட்டில் டெஸ்ட்’ எண்களைப் பார்க்க உதவும். ஆனால் அதில் வரைபடத்தில் ஏற்றிய சுவிட்சும் மாறியும் இருக்காது. அரிசி பூஜ்யத்தில் தொடங்கி முதல் சுற்று முடிவிலேயே சரணடைந்துவிடும். சுற்று பூஜ்யம் என்ற நிபந்தனையில் ஒரு பக்கம் வைத்து அங்கே அரிசியை 60 ஆக்கினால் இரண்டு இடத்திலும் சரியாக ஓடும். முழுக் கதையோடு சோதிக்கும்போது எஃப்9 விசையை அழுத்தினால் சுவிட்ச், மாறிப் பட்டியல் திறக்கும். வேண்டியதை அங்கேயே மாற்றலாம்.

குறைந்தது இந்த ஐந்து வழியிலும் ஓட்டுங்கள்: பாட்டியிடம் பேசிவிட்டு, பேசாமல் ஒற்றுத் திறனோடு, கிடங்கைத் தொடாமல் அரிசி தீரும்வரை, வேண்டுமென்றே தோற்று மறுபடி, கடைசிக் குண்டு விழும் அதே சுற்றில் அரிசியும் தீரும்படி. ஐந்தாவதில்தான் சரணாகதிக் காட்சி இரண்டு முறை ஓடும். அரிசிப் பக்கத்தில் ‘சரண்’ சுவிட்சோடு ‘வெடி நடந்தது’ சுவிட்சையும் பார்த்து, ஏதாவது ஒன்று ஏறியிருந்தால் பக்கத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.